ரோஸ் நிறச் சோப்பு

ஜூன் 6

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவுக்கு மட்டும் தோள்வலி. அது பரணை ஒழித்ததால் வந்தது, கவலைப்பட வேண்டாம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு நீங்கள் இளைத்துவிட்டதாக அப்பா சொல்கிறார்.

பரணை ஒழித்ததற்குக் காரணம் நீங்கள்தான். சமையலறைக்குப் பக்கத்தில் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடையின் பழைய பெட்டிகளைப் போட்டு வைத்திருப்பாரே, அந்தச் சின்ன அறை, அது இப்போது காலி. பெட்டிகள் பரணுக்குப் போய்விட்டன. நீங்கள் வந்து தங்குவதற்காம். நேற்று சாப்பிடும்போது நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

அப்பா: "அம்பது வயசுல யாராவது வேலையை விடுவாங்களா? தனியா அங்க உட்கார்ந்து அக்கா என்ன பண்ணப்போறா, சுவத்தையா பார்த்துட்டிருப்பா?"

அம்மா: "சுவத்தைப் பார்த்தாலும் அதுல எங்க ஓதம் இருக்குன்னு மோந்தே சொல்லிடுவாங்க உங்க அக்கா."

அப்பா: "சிரிக்காத. வருஷ முடிவு வரைக்கும் விடறேன். அதுக்குள்ள உருப்படியா ஏதாவது ஆரம்பிச்சா சரி. இல்லேன்னா நானே போய்ப் பெட்டியைக் கட்டிக் கூட்டிட்டு வந்துடுவேன்."

அத்தை, நீங்கள் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த அறைக்கு ஜன்னல் இல்லை.

இத்துடன் ஒரு சின்னப் பரிசு. குடிநீர் நிலையத்தின் வாசனை அறையில் வேலை செய்கிறவர்கள் வாசனைச் சோப்பு போடக்கூடாது, பவுடர் பூசக்கூடாது, காலையில் வெங்காயம்கூடத் தின்னக்கூடாது என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். ஊர் குடிக்கிற தண்ணீரில் பாசி வாடை வந்தால் இயந்திரத்துக்கு முன்பே உங்கள் மூக்குக்குத் தெரிந்துவிடும் என்பதை வகுப்பில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. இனிமேல் உங்களுக்குத் தடை ஏதும் இல்லை அல்லவா? அதனால் ஒரு வாசனைச் சோப்பு அனுப்புகிறேன். உறையைப் பிரித்துவிட்டேன். என்ன வாசனை என்று நீங்களே சொல்ல வேண்டும். உங்களுக்கு அது ஒரு நிமிட வேலை.

என்றும் உங்கள்,
நிருபர்

(ஓயாமல் கேள்வி கேட்கிறேன் என்று நீங்கள் வைத்த பெயரிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.)


ஜூன் 20

என் நிருபருக்கு,

நலம். நீ கேட்ட வரிசையிலேயே பதில் சொல்கிறேன். காய்ச்சல் போய்விட்டது. இளைக்கவில்லை, பழைய சட்டைகளைப் போட்டுக்கொள்வதால் அப்படித் தெரிகிறது. கடிதத்திலேயே எழுது; போனில் பேசினால் பாதியில் உன் அப்பா பிடுங்கிக்கொள்கிறான்.

சுவரைப் பார்க்க எனக்கு நேரமில்லை என்று அவனிடம் சொல். காலையில் ஓய்வு பெற்றவர்களின் நடைக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். பூங்காவைச் சுற்றி வருகிறோம். முதல் சுற்றில் ரத்தக் கொதிப்பு, இரண்டாவது சுற்றில் மூட்டுவலி, மூன்றாவதில் மருமகள்கள். எனக்கு இந்த மூன்றுமே இல்லாததால் யாரும் என்னைச் சேர்த்துக்கொள்வதில்லை. அவர்களை முந்திக்கொண்டு நடந்துவிடுகிறேன். செவ்வாயும் வியாழனும் ஓவிய வகுப்பு. சனிக்கிழமை நீச்சல். கேஸ் அடுப்பைக் கொடுத்துவிட்டு மின் அடுப்பு வாங்கினேன், துடைக்கச் சுலபம். வீட்டிலுள்ள எல்லாக் கதவுக் கீல்களுக்கும் எண்ணெய் போட்டுவிட்டேன். இனி எதற்குப் போடுவது என்று யோசிக்கிறேன்.

சோப்பு வந்து சேர்ந்தது. அழகான ரோஸ் நிறம். விளிம்பெல்லாம் என்ன வழவழப்பு. கரைக்க மனசு வராமல் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அம்மாவின் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அன்புடன்,
அத்தை


ஜூலை 3

அன்பு அத்தை,

ஒத்தடம் கொடுத்தேன், அம்மாவுக்குத் தேவலை. எனக்குக் கால் சுண்டுவிரலில் நகம் பெயர்ந்தது. படித்துக்கொண்டே நடந்ததால் என்று அம்மாவும், நடந்துகொண்டே படித்ததால் என்று அப்பாவும் திட்டினார்கள்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "இதெல்லாம் பொழுதுபோக்கு. பொழுதைத்தான் போக்கும், ஆளை நிறுத்தாது" என்றார். அறைக்கு ஒரு மேசை விசிறி வாங்கிவிட்டார்.

ஓவிய வகுப்பில் என்ன வரைந்தீர்கள்? நீச்சல் குளத்தில் குளோரின் நெடி அடிக்கவில்லையா? ஒருமுறை எங்கள் பள்ளிக் குழாயில் பிடித்த தண்ணீரை வாயருகே கொண்டுபோனதும் "அளவு கூடிப்போச்சு" என்று கீழே வைத்தீர்களே, அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சோப்பு என்ன வாசனை என்று நீங்கள் சொல்லவே இல்லை. நிறத்தை நான் கேட்கவில்லையே.

அன்புள்ள,
நிருபர்


ஜூலை 29

நிருபருக்கு,

விரல் ஆறியதா? புத்தகத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே?

ஓவிய வகுப்பை விட்டுவிட்டேன். பூச்சாடி வரையச் சொன்னார்கள். நான் சாடியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவிட்டேன். ஆசிரியர் நல்ல மனிதர், "இது ஒரு பாணி" என்றார். நடைக் குழுவிலும் இப்போது இல்லை. நீச்சல் தொடர்கிறது. தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும்தான் அடுத்து என்ன செய்வது என்ற எண்ணம் வருவதில்லை. கரையேறியதும் வந்துவிடுகிறது, துண்டோடு சேர்ந்து காத்துக்கொண்டிருந்த மாதிரி.

காலையில் விழித்ததும் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. ஒருநாள் பேருந்து ஏறிக் குடிநீர் நிலையத்து வாசல்வரை போய்விட்டேன். வாயிற்காவலர் வணக்கம் சொன்னார். நானும் சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் எதற்கும் உதவாத ஒரு வாளியை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

சோப்பு ரோஜா வாசனை. போதுமா?

அத்தை


ஆகஸ்ட் 5

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? இங்கே எல்லோரும் நலம். விரல் ஆறிவிட்டது.

உங்கள் கடைசி வரியை நிறைய தடவை படித்தேன். பிறகு கடைக்குப் போய் அதே சோப்பை இன்னொரு முறை எடுத்து முகர்ந்து பார்த்தேன். நான் தப்பு செய்திருக்கலாம் அல்லவா? தப்பு செய்யவில்லை.

அத்தை, அது ரோஜா இல்லை. நிறம்தான் ரோஸ். ஏமாற்றுவதற்காக அப்படி எடுக்கவில்லை. அந்தக் கடையில் அந்த வாசனை அந்த நிறத்தில்தான் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் சரியாக முகர்ந்து பார்க்கவில்லை என்று விட்டுவிடுவேன். பிறகு உங்கள் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்தேன். போன வருடக் கடிதங்களில் மழை, பக்கத்து வீட்டுப் பெயிண்ட், புதுச் செருப்பு என்று எல்லாமே வாசனையோடு இருக்கின்றன. காய்ச்சலுக்குப் பிறகு வந்த கடிதங்களில் ஒன்றுகூட இல்லை. மின் அடுப்பு துடைக்கச் சுலபம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக மட்டும்தான் வாங்கினீர்களா?

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் கோபப்பட மாட்டேன். ஆனால் எழுதுங்கள்.

உங்கள்,
நிருபர்


செப்டம்பர் 18

அன்பு அத்தை,

சுகம்தானே? என் கடிதம் கிடைத்ததா? தபால்காரர் எங்கள் தெருமுனையில் திரும்பும்போதே மணி அடிப்பார். தினமும் போய் நிற்கிறேன். மின்கட்டண ரசீதும் அப்பாவின் கடைக்கு வரும் விளம்பரமும்தான் வருகின்றன. போன் செய்தால் அப்பாவிடம் பேசுகிறீர்கள், என்னைக் கேட்பதில்லை என்று அம்மா சொன்னாள்.

நான் எழுதியது உங்களை வருத்தப்படுத்தியிருந்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். சோப்பையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். நான் கேள்வியே கேட்காமல் ஒரு கடிதம் எழுதப் பார்த்தேன், இரண்டாவது வாக்கியத்திலேயே முடியவில்லை.

நிருபர்


அக்டோபர் 2

நிருபருக்கு,

நலம். கிழிக்கவில்லை, தூக்கியும் போடவில்லை. எழுத நேரமில்லாமல் போய்விட்டது. ஏனென்றால் எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. உன் அப்பாவிடம் உரக்கப் படித்துக் காட்டு.

எங்கள் குடியிருப்பின் பின்பக்கத்தில் குப்பைத் தொட்டிகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. சங்கச் செயலாளர் ஒரு சின்ன மனிதர், பெரிய சாவிக்கொத்து. அவரிடம் போய், "காய்கறித் தோலையெல்லாம் தனியா குடுங்க, நான் உரமாக்கித் தர்றேன்" என்றேன். "நீங்களா மேடம்? கிட்ட நிக்கவே முடியாதே" என்றார். "என்னால முடியும்" என்றேன். என்னால் முடியும் என்று உனக்குத் தெரியும்.

பழைய பிளாஸ்டிக் பீப்பாய்கள் வாங்கினேன். ஆய்வுக்கூடத்தில் செய்த மாதிரியே ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டி, காற்றுப் புகாதபடி இறுக்கமான மூடி போட்டிருக்கிறேன். முப்பது வருடப் பழக்கம்: திறந்த பாத்திரத்தைக் கண்டால் கை பரபரக்கும். முதல் தளத்துத் தையல்கார அம்மா துணி வெட்டும் கத்தரிக்கோலாலேயே வாழைத் தோலை நறுக்கித் தருகிறாள். அடுத்த வாரம் முதல் பீப்பாயைத் திறக்கிறோம். வெகுநாளைக்குப் பிறகு காலையில் செருப்பைத் தேடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

மற்றதைப் பற்றி இப்போது வேண்டாம்.

அத்தை


அக்டோபர் 13

அத்தைக்கு,

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை, மன்னியுங்கள். இதை அப்பாவின் சட்டைப் பையில் வைத்து அனுப்புகிறேன். அவர் நாளைக் காலை வண்டியில் உங்களிடம் வருகிறார். காலிப் பெட்டியோடு வருகிறார்.

செயலாளர் போன் செய்தார். அவர் சொன்னதை அப்பா சொல்ல, நான் கேட்டது இது. நீங்கள் பீப்பாயைத் திறந்தீர்களாம். தெருமுனை வரைக்கும் குடலைப் பிடுங்கும் நாற்றமாம். ஒவ்வொரு ஜன்னலாக மூடினார்களாம். நீங்கள் மட்டும் நடுவில் நின்று ஒரு கம்பால் கிளறிக்கொண்டு, "மழை வரப்போகுதா? எல்லாரும் ஜன்னலைச் சாத்துறாங்களே" என்று கேட்டீர்களாம். செயலாளர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, "மேடம், உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?" என்றதற்கு, "என்ன தெரியணும்?" என்றீர்களாம்.

அப்பா போனை வைத்தார். பிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "அக்காவுக்கு மூளை குழம்பிப் போச்சு. நாத்தத்துக்கு நடுவுல சிரிச்சுக்கிட்டு நிக்கிறாளாம். இதுக்குமேல தனியா விடக்கூடாது."

என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "நீதான் ஓயாம லெட்டர் போடறியே, அத்தை வித்தியாசமா ஏதாவது எழுதினாளா?"

நான் "இல்லை" என்றேன். என் காது சூடாகிவிட்டது.

அத்தை, அது உங்களுடைய விஷயம், நான் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் நான் சொல்லாததால் அவர் இல்லாத ஒன்றை நம்பிக்கொண்டு வருகிறார். மூக்கு என்று தெரிந்தால் அழுவார். மூளை என்று நினைத்தால் உங்களை அந்த ஜன்னல் இல்லாத அறையில் வைத்துவிடுவார். தயவுசெய்து நீங்களே சொல்லுங்கள். அவர் திரும்பி வரும்போது பெட்டி கனமாக இருந்தால் என்னால் தாங்க முடியாது.

நிருபர்


அக்டோபர் 21

என் கண்ணுக்கு,

நலமாக இருக்கிறேன். இந்த முறை அது வெறும் வழக்கத்துக்காக எழுதியதில்லை.

உன் அப்பா வந்தான். உன் கடிதத்தைக் கொடுத்தான், பிரித்துப் படிக்காமல். அதற்காகவே அவனுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். நான் கடிதத்தைப் படித்து முடிக்கிறவரைக்கும் அவன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னேன்.

உனக்கும் சொல்ல வேண்டும். அந்தக் காய்ச்சல் போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. திரும்பி வரும் என்று வேலைக்குப் போனேன். ஒரு காலை, சூடாக்கிய தண்ணீர்க் குடுவையை முகர்ந்து பார்த்து "ஒன்றுமில்லை" என்றேன். பக்கத்தில் இருந்த பெண் முகர்ந்துவிட்டுத் தயங்கித் தயங்கி, "பாசி வாடை வருதே மேடம்" என்றாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் பேசாமல் இருந்திருந்தால்? ஊரே குடிக்கிற தண்ணீர். அன்று மாலையே விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் கைதட்டி, சால்வை போட்டு, "நன்றாக ஓய்வெடுங்கள்" என்றார்கள். எதிலிருந்து ஓய்வு என்று எனக்குத்தான் தெரியும். மூக்கைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று தேடித்தான் அத்தனை வகுப்புக்கும் ஓடினேன்.

உன் அப்பா கேட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனான். மின் அடுப்பைப் பார்த்தான், பால் பாக்கெட்டில் நான் தேதி குறித்திருப்பதைப் பார்த்தான். திரும்பி வந்து, "ஏன்க்கா சொல்லல?" என்றான்.

"சொன்னா பெட்டியோட வருவே."

"சொல்லாமலும் பெட்டியோடதான வந்திருக்கேன்."

அவன் மூக்கை உறிஞ்சினான். "எனக்குப் பார்வை போயிட்டா, கண்ணாடிக் கடையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்" என்றான். நீ சொன்னபடியே அழுதான்.

அழுது முடித்ததும் அவனைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு மூடியைத் திறந்தேன். மூன்றடி பின்னால் துள்ளினான்.

"எப்படி இருக்கு, சொல்லு."

"நாறுதுக்கா."

"எல்லா நாத்தமும் ஒண்ணில்ல. என்ன நாத்தம்?"

அவன் இன்னொரு தடவை, பாவம், குனிந்து முகர்ந்தான். "அழுகின முட்டை."

"காத்து போதல. அடுத்ததைப் பாரு."

"இது புளிச்ச மாவு மாதிரி..."

"ஈரம் ஜாஸ்தி. அடுத்தது?"

என் இறுக்கமான மூடிகள்தான் குற்றவாளி, நிருபரே. குடுவைக்கு மூடி நல்லது, குப்பைக்கு மூடி எமன். இருவருமாகப் பீப்பாய்களில் துளை போட்டோம், காய்ந்த இலையும் கிழித்த அட்டையும் கலந்தோம். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்து வேடிக்கை பார்த்தன. தையல்கார அம்மா மாடியிலிருந்து, "இப்ப கொஞ்சம் தேவலை, ஈரத் துணி வாடைதான் வருது" என்றாள். செயலாளர் துண்டை அவிழ்த்துவிட்டு, "இல்லம்மா, இது ஈரச் சாக்கு" என்றார். இரண்டு பேரும் சண்டையே போட்டார்கள். நான் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாசனை அறையில் நாங்கள் காலைதோறும் போட்ட சண்டை அதேதான். அவர்களுக்கு மூக்கு இருக்கிறது. அந்த வாடைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

உன் அப்பா பெட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போனான், விடுமுறைக்கு நீ வந்து திரும்பும்போது கொண்டுபோகலாமாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை நான் போன் செய்ய வேண்டும் என்பது அவன் போட்ட நிபந்தனை. ஒப்புக்கொண்டேன்.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தச் சோப்பு என்ன வாசனை? பேரை மட்டும் எழுதாதே. எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் அத்தை


நவம்பர் 4

அன்பு அத்தை,

எல்லோரும் நலம். அப்பா திரும்பி வந்ததிலிருந்து வீட்டில் எதைப் பார்த்தாலும் முகர்கிறார். "ஏங்க, குழம்பையாவது விடுங்க" என்கிறாள் அம்மா. பெட்டியில்லாமல் அவர் தெருவில் நடந்து வந்ததைப் பார்த்து நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதே சோப்பில் இன்னொன்று வாங்கிக் கை கழுவிப் பார்த்து, அதைப் பற்றி மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். "இனிமையான நறுமணம்" என்று எழுதினால் நீங்கள் திருப்பி அனுப்புவீர்கள். இதுதான் நாலாவது.

முதலில் எலுமிச்சை. சாறு இல்லை, தோல். நகத்தால் தோலைக் கீறினால் கண்ணில் தெறிக்கிற மாதிரி ஒரு குத்தல் வருமே, அது. அது சீக்கிரம் போய்விடுகிறது. அதற்குப் பின்னால் பச்சையாக, கசக்கிய இலை மாதிரி ஒன்று. கடைசியில், கை காய்ந்த பிறகு, வெயிலில் உலர்ந்த சட்டையை மடிக்கும்போது வருவது. அதற்கு எனக்கு வார்த்தை தெரியவில்லை. "சுத்தம்" என்று எழுதி அடித்துவிட்டேன். சுத்தத்துக்கு வாசனை கிடையாது என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்.

விடுமுறைக்கு வருகிறேன். மூக்கு நன்றாக இருக்கிறது.

உங்கள்,
நிருபர்


நவம்பர் 15

நிருபருக்கு,

சுகம். நீ அடித்த சொல்லையும் படித்துவிட்டேன்.

பக்கத்துக் குடியிருப்பிலிருந்து இருவர் ஒரு வாளியோடு வந்து நிற்கிறார்கள், "கண்ணைக் கரிக்குது மேடம், ஏன்னு சொல்லுங்க" என்று. அது மட்டும் எனக்கே தெரியும். முகர முடியாவிட்டாலும் கண் எரிகிறதே. காய்ந்த இலை குறைச்சல். அடுத்த தெருவிலும் ஒரு பீப்பாய் வைக்கப்போகிறோம். உட்கார நேரமில்லை. உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது, அது மூக்கோடு போகவில்லை.

இன்று காலை உன் கடிதத்தைக் குளியலறைக் கண்ணாடியில் செருகி வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே அந்தச் சோப்பைக் கரைத்தேன். குளித்துவிட்டுப் படியிறங்கும்போது தையல்கார அம்மா வாழைத் தோலோடு எதிரே வந்தாள். என்னைத் தாண்டிப் போனவள் நின்று திரும்பினாள்.

"என்ன மேடம், எலுமிச்சையா?"

"தோல்" என்றேன். "சாறு இல்லை."

அவள் இன்னொரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆமா, தோல்தான்" என்றாள்.

வாளியோடு கூப்பிடுகிறார்கள். போகிறேன்.

அத்தை